ஜீவனாம்சத்துக்கு வரி கட்ட வேண்டுமா?

ஜூலை கடைசி வாரத்தில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. அப்படி ஒரு சாயங்காலம், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண்மணி வந்தார். ஃபார்ம் 16 (சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ்), ஆதார், பான் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். பாஸ்புக்கைப் புரட்டியபோது ஒரு பதிவு திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் 40,000 ரூபாய், ஒரே பெயரிலிருந்து.

"இது என்னங்கம்மா?"

"ஜீவனாம்சம் சார். போன வருஷம் மார்ச்சில் டைவர்ஸ் ஆச்சு. எனக்கும் பையனுக்கும் சேர்த்து கோர்ட்டில் போட்டது."

இதையும் வருமானத்தில் காட்ட வேண்டும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "அவர் வரி கட்டின சம்பளத்திலிருந்துதானே சார் அனுப்புறார்? அதுக்கு நான் எதுக்கு மறுபடி கட்டணும்?"

நியாயமான கேள்வி. பதினைந்து வருடமாக ரிட்டர்ன் போடும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் பலரும் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் விவாகரத்துக்குப் பிறகுதான் கேட்டார்கள், விவாகரத்துக்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பலருக்குப் பெரிய தொகை மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஜீவனாம்சத்துக்கு வரி உண்டா இல்லையா என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நேரடியாக எதுவும் சொல்லப்படவில்லை. அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பிரிவுகளின் எண்கள்தான் மாறின, இந்த விஷயத்தில் சாரம் மாறவில்லை. (எல்லோருக்கும் பழக்கப்பட்டவை என்பதால் இந்தக் கட்டுரையில் பழைய எண்களையே சொல்கிறேன்.) இன்றைக்கு ஆடிட்டர்களும் அதிகாரிகளும் பின்பற்றுவதெல்லாம் நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்காகச் சொல்லிவைத்த பதில்கள்தான்.

அதில் முக்கியமானது பம்பாய் உயர் நீதிமன்றம் 1980களின் தொடக்கத்தில் தந்த தீர்ப்பு. வழக்குக்கு வந்தவர் பிரதாப்கர் சமஸ்தானத்து இளவரசி மகேஸ்வரி தேவி. விவாகரத்தில் அவருக்கு மொத்தமாக ஒரு தொகையும், அது போக மாதா மாதம் ஒரு தொகையும் கிடைத்தன. வருமான வரித் துறை இரண்டுக்கும் வரி கேட்டது. நீதிமன்றம் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தது. மாதத் தொகைக்கு நீதிமன்ற ஆணை என்ற உறுதியான ஊற்று இருக்கிறது, அது தவறாமல் திரும்பத் திரும்ப வருகிறது, ஆகவே அது வருமானம், வரி உண்டு. மொத்தத் தொகை ஒரே தடவை வந்து முடிந்துபோகிறது. அது மூலதன வரவு, வருமானமே அல்ல, வரி கிடையாது. இன்றுவரை எல்லோரும் பிடித்துக்கொண்டு நடப்பது இந்தக் கோட்டைத்தான்.

ஆக, வாங்குகிறவர் பக்கம் மாதா மாதம் வந்தால் வரி, மொத்தமாக வந்தால் வரி இல்லை. கொடுக்கிறவர் பக்கம் இதைவிடச் சுருக்கம்: பொதுவாக எப்படிக் கொடுத்தாலும் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் பிஎஃப்புக்கும் கழிவு தரும் சட்டம், நீதிமன்றம் கட்டளையிட்டுக் கொடுக்கச் சொன்ன ஜீவனாம்சத்துக்குத் தருவதில்லை.

ஏன் கழிக்க முடியாது என்பதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதைச் சொன்னால்தான் விஷயம் முழுதாகப் புரியும். சீதல்தாஸ் தீரத்தாஸ் என்பவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சம்மதத் தீர்ப்பு ஆனது. அவர் 1953-54 மதிப்பீட்டு ஆண்டில் 1,350 ரூபாயும், அடுத்த ஆண்டில் 18,000 ரூபாயும் கொடுத்ததைச் சொல்லி, "இந்தப் பணம் என்னுடையதே இல்லை, கோர்ட் உத்தரவால் அவர்களுக்குப் போகிறது, என் வருமானத்திலிருந்து கழியுங்கள்" என்று கேட்டார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு 1960 நவம்பரில் வந்தது. அது வைத்த அளவுகோல் ஒன்றுதான்: பணம் உன் கைக்கு உன் வருமானமாக வந்துசேர்ந்த பிறகு நீ கொடுக்கிறாயா, அல்லது உன்னை எட்டும் முன்பே வழியிலேயே வேறொருவருக்குச் சொந்தமாகி விடுகிறதா? வந்த பிறகு கொடுத்தால் அது செலவு. மளிகைக்கும் வாடகைக்கும் கொடுப்பதைப் போலத்தான். சீதல்தாஸ் தோற்றார்.

இதே அளவுகோலில் ஜெயித்தவரும் உண்டு. 1933இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ராஜா பிஜய் சிங் துதூரியாவின் வழக்கு அது. அவருடைய சிற்றன்னை ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டு, மாதம் 1,100 ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கினார். அந்தத் தீர்ப்பு வெறுமனே "கொடு" என்று சொல்லி நிறுத்தவில்லை. ராஜாவின் சொத்துகள் மேலேயே அந்தத் தொகையைப் பொறுப்பாக, அதாவது அந்தச் சொத்துகளிலிருந்தே கொடுத்தாக வேண்டியதாக, ஏற்றிவிட்டது. அந்த 1,100 ரூபாய் ராஜாவின் வருமானமாக ஆகவே இல்லை, அவர் அதை வசூலித்துக் கொடுக்கும் கைதான் என்றது பிரிவி கவுன்சில்.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் குடும்பத்தாருக்குத்தான் கொடுத்தார்கள், இரண்டும் நீதிமன்றத் தீர்ப்பின்படிதான். வித்தியாசம், தீர்ப்பில் சொத்தின் மேல் பொறுப்பு எழுதப்பட்டிருந்ததா இல்லையா என்பது மட்டும். இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, நிரந்தர ஜீவனாம்சத்தை எதிர்த்தரப்பின் அசையாச் சொத்தின் மேல் பொறுப்பாக ஏற்ற நீதிமன்றத்துக்கு இன்றும் அதிகாரம் தருகிறது. வாடகை வரும் கட்டடமோ கடையோ வைத்திருக்கும் குடும்பங்களில் இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம். பொறுப்பு ஏற்றினால் பணத்துக்கும் பாதுகாப்பு, வரியில் வாதாடவும் ஓர் அடிப்படை கிடைக்கும். சம்பளக்காரருக்கு இது உதவாது. நீதிமன்ற உத்தரவுப்படி அலுவலகமே சம்பளத்தில் பிடித்து மனைவிக்கு அனுப்பினாலும், அந்தச் சம்பளம் அவர் உழைத்து ஈட்டியதுதான். ஃபார்ம் 16இல் முழுத் தொகையும்தான் வரும்.

சரி, ஆசிரியையிடம் திரும்புவோம். அவருடைய ஆண்டுச் சம்பளம் 10 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 9.25 லட்சம். 12 லட்சம் வரை ரிபேட் (வரித் தள்ளுபடி) இருப்பதால் வரி பூஜ்யம். இப்போது ஜீவனாம்சம் 4.8 லட்சத்தைச் சேருங்கள். மொத்தம் 14.05 லட்சம். ரிபேட் எல்லையைத் தாண்டியாகிவிட்டது. இவ்வளவு தூரம் தாண்டினால் மிச்சத்துக்கு மட்டும் வரி என்று இல்லை, 4 லட்சத்துக்கு மேலிருந்தே ஸ்லாப் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். 90,750 ரூபாய் வரி, 4 சதவீத செஸ் சேர்த்து 94,380.

அவருக்கு ஜீவனாம்சம் அனுப்பும் முன்னாள் கணவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டும் வரி 1,92,400. ஜீவனாம்சத்தைக் கழிக்க அனுமதி இருந்திருந்தால் அது 91,780 ரூபாய் குறைந்திருக்கும். ஆக அதே 4.8 லட்சத்தின் மேல் அவர் பக்கம் 91,780, இவர் பக்கம் 94,380. இரண்டையும் கூட்டினால் 1,86,160. பிரிந்துபோன இருவருக்கும் நடுவில் கைமாறும் பணத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு ரூபாய்க்கு மேல் அரசாங்கத்துக்குப் போகிறது. சேர்ந்து வாழ்ந்தபோது அவர் வீட்டுச் செலவுக்கு மனைவியிடம் கொடுத்த பணத்துக்கு இரண்டாவது தடவை யாரும் வரி கேட்கவில்லை. பிரிந்து, ஒரு குடும்பம் இரண்டு சமையலறையாகி, செலவு கூடிய பிறகு கேட்கிறார்கள். இது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். வாங்குகிறவரிடம் வரி கேட்பதானால் கொடுக்கிறவருக்குக் கழிவு தர வேண்டும். கழிவு தருவதில்லை என்றால் வாங்குகிறவரை விட்டுவிட வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்றுதான் நியாயம்.

அவருக்கு இன்னொரு அடியும் விழுந்தது. ஜீவனாம்சத்தில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்வது) கிடையாது. சம்பளத்தில் வரி பூஜ்யம் என்பதால் பள்ளியும் எதுவும் பிடிக்கவில்லை. வருட வரி 10,000 ரூபாய்க்கு மேல் போனால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்குள் தவணை தவணையாக அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்கு வட்டி மட்டும் 8,000 ரூபாய்க்கு மேல் வந்தது. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. கணினித் திரையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இது பையனோட ஒரு வருஷ ஸ்கூல் ஃபீஸ் சார்" என்றார்.

பையன் என்று அவர் சொன்னதும்தான், தீர்ப்பு நகலைக் காட்டச் சொன்னேன்.

அதில் இருந்த வாசகம் இதுதான்: மனுதாரருக்கும் மைனர் மகனுக்குமாக மாதம் ரூ. 40,000. பிரித்து எழுதவில்லை. தாய்க்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் கதையே வேறு. 56(2)(x) பிரிவு, உறவினரிடமிருந்து வரும் பணத்துக்கு வரி இல்லை என்கிறது. விவாகரத்து ஆனால் கணவன் மனைவி உறவினர்கள் அல்ல. ஆனால் அப்பாவும் பிள்ளையும் என்றைக்கும் உறவினர்கள்தான். அப்பா பிள்ளையின் பராமரிப்புக்குக் கொடுக்கும் பணம் பிள்ளைக்கு வரிக்குரிய வருமானமே ஆகாது. மைனரின் வருமானத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்க்கும் விதி ஒன்று இருக்கிறது. பெற்றோர் பிரிந்திருந்தால் பிள்ளையை வளர்ப்பவர் கணக்கில் அது சேரும். ஆனால் வருமானமே இல்லாதபோது சேர்க்க என்ன இருக்கிறது?

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அவருக்கு 20,000, மகனுக்கு 20,000 என்று தீர்ப்பில் இருந்திருந்தால் அவர் காட்ட வேண்டியது 2.4 லட்சம் மட்டும். 9.25 உடன் சேர்த்து 11.65 லட்சம். 12 லட்சத்துக்குள். வரி பூஜ்யம். வந்த பணம் அதே 40,000, அனுப்பியவரும் அவரே, செலவானதும் அதே பிள்ளைக்குத்தான். பாதி பிள்ளையுடையது என்று அதிகாரியிடம் வாதாடலாம்தான். ஆனால் தீர்ப்பில் ஆதாரம் இல்லாமல் ரிட்டர்னில் நாமே பிரித்துப் போடுவதற்கு ஆடிட்டர் ஒப்பவில்லை. நோட்டீஸ் வந்தால் அலையப்போவது இந்த அம்மாதான் என்றார்.

அமெரிக்காவில் அறுபது வருடத்துக்கு முன்பே இதே சிக்கல் வந்திருக்கிறது. அங்கே 1961இல் லெஸ்டர் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மூன்று பிள்ளைகள், அவர்களில் ஒவ்வொருவரும் பெரியவராகும்போது தொகையில் ஆறில் ஒரு பங்கு குறையும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அப்படியென்றால் பாதி பிள்ளைகளுக்கானது என்று யாருக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளின் பங்கு இவ்வளவு என்று வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை, ஆகவே முழுத் தொகையும் மனைவியின் வருமானம் என்று தீர்ப்பானது. அந்நாட்டு நாடாளுமன்றம் 1984இல் சட்டத்தைத் திருத்தி அதைச் சரிசெய்தது.

அமெரிக்கக் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே நான் சொன்ன இரண்டு வழியையும் அவர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1917இல் கூல்ட் என்ற குடும்பத்தின் வழக்கில் ஜீவனாம்சம் மனைவியின் வருமானம் அல்ல என்று அங்கே தீர்ப்பு. இரண்டாம் உலகப் போருக்காக வரி விகிதங்கள் எகிறியபோது, வரியும் ஜீவனாம்சமும் சேர்ந்து கணவனின் சம்பளத்தையே விழுங்கும் நிலை வந்தது. 1942இல் மாற்றினார்கள்: கொடுப்பவர் கழித்துக்கொள்ளலாம், வாங்குபவர் வரி கட்ட வேண்டும். எழுபது வருடத்துக்கு மேல் இது நடந்தது. ஆனால் கொடுத்தவர்கள் கழித்துக் காட்டிய தொகையும் வாங்கியவர்கள் வருமானமாகக் காட்டிய தொகையும் பொருந்தவே இல்லை. 2010ஆம் ஆண்டு ரிட்டர்ன்களைத் தணிக்கை செய்தபோது கிட்டத்தட்டப் பாதியில் வித்தியாசம், 200 கோடி டாலருக்கு மேல் இடைவெளி. 2017இல் வந்த வரிச் சட்டம் பழைய இடத்துக்கே திரும்பியது. 2018 டிசம்பர் 31க்குப் பிறகான விவாகரத்துகளில் கொடுப்பவருக்குக் கழிவும் இல்லை, வாங்குபவருக்கு வரியும் இல்லை. நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் கனடாவில் இன்னொரு வழி. எழுத்துபூர்வமான ஒப்பந்தத்தின்படியோ நீதிமன்ற ஆணைப்படியோ துணைவருக்கு மாதா மாதம் கொடுப்பதைக் கழிக்கலாம், வாங்குபவர் வரி கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கான தொகையை மட்டும் 1997 மே மாதத்திலிருந்து இந்தக் கணக்குக்கு வெளியே எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டு நாட்டுக்காரரும் ஒரே பணத்துக்கு இரண்டு பக்கமும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் முன்னாள் கணவர் சென்னையில் இருக்கும் மனைவிக்கு மாதா மாதம் அனுப்பினால்? அமெரிக்காவில் வரி இல்லை என்பது இங்கே செல்லுபடியாகாது. இந்தியாவில் வசிக்கும் அவருக்கு அது இந்தியச் சட்டப்படி வருமானம்தான்.

இனி மொத்தத் தொகை. பெரும்பாலான பரஸ்பர சம்மத விவாகரத்துகளில் இதுதான் நடக்கிறது. முதல் மனு அன்றைக்குப் பாதி, ஆறு மாதம் கழித்து இரண்டாவது மனு அன்றைக்கு நீதிபதி முன்னால் மீதிக்கு டிடி. நடைமுறையில் இதற்கு வரித் தொல்லை குறைவு. காரணம், பணம் கைமாறும்போது அவர்கள் இன்னும் சட்டப்படி கணவன் மனைவி. உறவினர் என்ற பாதுகாப்பும் சேர்ந்து வருகிறது. தீர்ப்புக்குப் பிறகு கொடுத்தால், "உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம்" என்று துறை கேட்க இடமிருக்கிறது. டெல்லி வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 2013இல் அப்படி ஒரு வழக்கு வந்தது. மாத ஜீவனாம்சம் வராமலே வருடங்கள் ஓடி, கடைசியில் முன்னாள் கணவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்தார். அந்தப் பெண் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக வந்த பணம் அது, சும்மா வந்ததல்ல, வரி கிடையாது என்று தீர்ப்பாயம் சொன்னது. ஜெயித்துவிட்டார்தான். ஆனால் தீர்ப்பாயம் வரை நடக்க வேண்டியிருந்தது. முடிந்தவரை தீர்ப்புக்கு முன்பே தொகையை வாங்கிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மொத்தத் தொகைக்கு வரி இல்லை, அதை எஃப்.டி.யில் போட்டால் வரும் வட்டிக்கு உண்டு. 40 லட்சத்தை 6.5 சதவீதத்தில் போட்டால் வருடத்துக்கு 2.6 லட்சம் வட்டி. நம் ஆசிரியையின் சம்பளத்தோடு அதைக் கூட்டினாலும் 11.85 லட்சம்தான், வரி வராது. வங்கி டிடிஎஸ் பிடித்திருக்கும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மொத்தத் தொகையில் வேறு அபாயங்கள் உண்டு. அண்ணன் தம்பி கடன் கேட்பார்கள், சீட்டு, நிலம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், பத்து வருடத்தில் கரைந்துபோகும். மாதத் தொகையில் எதிர்த்தரப்பு நிறுத்திவிட்டால் மறுபடி கோர்ட். வரியை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யச் சொல்ல மாட்டேன். வரியைப் பார்க்காமலும் முடிவு செய்யாதீர்கள்.

இஸ்லாமியப் பெண்களுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்காலத்துக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் (மணமுறிவுக்குப் பின் பெண் காத்திருக்க வேண்டிய காலம்) செய்துவிட வேண்டும். டேனியல் லத்தீஃபி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொன்னது. அது பெரும்பாலும் மொத்தத் தொகையாகவே அமைவதால் மாத வருமானம் என்ற சிக்கல் எழுவதில்லை.

வீட்டை எழுதிக்கொடுப்பது அதிகம் பேர் கவனிக்காத இடம். சாதாரணமாகக் கணவன் தன் வீட்டை மனைவி பெயருக்குச் சும்மா மாற்றினால், அதில் வரும் வாடகையைச் சட்டம் கணவன் கணக்கிலேயே சேர்க்கும். இதற்கு 64ஆம் பிரிவிலும் 27ஆம் பிரிவிலும் ஒரு விலக்கு உண்டு: பிரிந்து வாழ்வதற்கான உடன்படிக்கையின் பேரில் மாற்றினால் அப்படிச் சேர்க்கக் கூடாது. ஜீவனாம்சம் பற்றி வாய் திறக்காத சட்டம், பிரிந்து வாழும் தம்பதியரைப் பற்றிப் பேசும் இடம் இது. அதனால் பத்திரத்திலும் சமரச மனுவிலும் "பிரிந்து வாழ உடன்பட்டதன் பேரில்" என்ற காரணம் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வீடு போன பிறகும் வாடகைக்கு அவர் வரி கட்டிக்கொண்டிருப்பார்.

முத்திரைத்தீர்வையிலும் நேரம் முக்கியம். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் தான செட்டில்மெண்ட் என்றால் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. குடும்பத்துக்கு வெளியே என்றால் 7 சதவீதம். தீர்ப்பு வந்த மறுநாள் முன்னாள் மனைவி குடும்பத்தில் இல்லை. 60 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 7 சதவீதம் என்றால் 4.2 லட்சம். தீர்ப்புக்கு முந்தைய வாரம் சார்பதிவாளர் அலுவலகம் போயிருந்தால் அதில் சிறு பகுதிதான் ஆகியிருக்கும்.

நகை, பாத்திரம், சீர் சாமான் திரும்பி வருவது எந்த வரிக் கணக்கிலும் வராது. அது ஏற்கெனவே அவருடைய சொத்து. ஆனால் சமரச மனுவில் "நகைகளுக்கும் ஜீவனாம்சத்துக்குமாகச் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள். அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் படித்து, மாதம் 5,000, 10,000 வாங்கும் பெண்கள் பயந்துவிடக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு வழக்குகளில், இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில், கிடைப்பது பெரும்பாலும் இந்த அளவுதான். வேறு வருமானம் இல்லாதவருக்கு இதில் வரியும் இல்லை, ரிட்டர்ன் போட வேண்டிய அவசியமும் இல்லை. ஜீவனாம்சம் மட்டுமே வருமானம் என்றால் மாதம் 1 லட்சம் வரை ரிபேட்டிலேயே அடங்கிவிடும். ஆண்டுக்கு 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் போட வேண்டும். அடி விழுவது சொந்தச் சம்பளமும் ஜீவனாம்சமும் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு. அதாவது வேலைக்குப் போய்க்கொண்டே தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு.

நிலுவை விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே தர வேண்டும் என்று ரஜ்னேஷ்-நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல தீர்ப்பு. அதனால் வழக்கு முடியும்போது மூன்று நான்கு வருட நிலுவை ஒன்றாக வருவதுண்டு. சம்பள அரியருக்கு 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு, இதற்கு அது கிடையாது. அப்படி வரும்போது, அந்தப் பணம் எந்தெந்த மாதத்துக்கானது, விவாகரத்துக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஆணையைப் பார்த்துப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணவன் மனைவியாக இருந்த காலத்துத் தொகைக்கு உறவினர் விலக்கை வைத்து வாதாட முடியும்.

அதே தீர்ப்பு, ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ரிட்டர்ன் நகல்களும் அதோடு போகின்றன. "காட்டாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நாளைக்குத் தொகையை உயர்த்தக் கேட்டு நீங்களே கோர்ட்டுக்குப் போகும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது உங்கள் ரிட்டர்னைத்தான்.

ஆசிரியை அன்றைக்கே வரியைக் கட்டினார். நடப்பு ஆண்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். ஜீவனாம்சத்தைப் பள்ளி அலுவலகத்தில் இதர வருமானமாக அறிவித்துவிட்டால் சம்பளத்திலேயே மாதா மாதம் பிடித்துவிடுவார்கள், வட்டி விழாது என்றேன். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் பிள்ளையின் பராமரிப்பு ஆணையை எப்போது வேண்டுமானாலும் திருத்தக் கேட்கலாம், இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தொகை குறிப்பிடச் சொல்லி மனுப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன். அவருடைய முன்னாள் கணவருக்கு இதில் ஒரு பைசா கூடுதல் செலவில்லை, எதிர்க்கக் காரணமும் இல்லை.

தீர்ப்பு நகலின் பின்பக்கத்தில் பென்சிலால் '26' என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு கிளம்பினார்.